லைல் இரவல் கேட்ட துப்பாக்கிகள்

மொன்டானா, அக்டோபர்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சியாட்டிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே. உன் அம்மா போனதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு பேருக்குக் காபி போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊர்க்கூட்டத்தில் நான் பேசியதைக் கேள்விப்பட்டு நீ போனில் பொரிந்து தள்ளினாயே, அதற்கப்புறம் நீயும் கூப்பிடவில்லை, நானும் வீம்பாக இருந்துவிட்டேன். மனசு உடைந்தவனிடமிருந்து கோர்ட்டு கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம் என்ற அந்தச் சட்டத்துக்கு எதிராக முதல் ஆளாக எழுந்து கத்தியவன் நான்தான். ஷெரிஃபின் போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிற இடத்தில் துப்பாக்கி இல்லாமல் எவன் குடித்தனம் பண்ணுவான் என்று கேட்டேன், எல்லோரும் கை தட்டினார்கள். ஆஸ்பத்திரியில் குண்டடி பட்டவர்களுக்குத் தினம் கட்டுப் போடுகிறவள் நீ. வாசல்ல வர்ற திருடன விட வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிற துக்கம்தாம்ப்பா பயம் என்றாய். போடி, பட்டணத்துப் பேச்சு என்று போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் பக்கத்துப் பண்ணை லைல் வந்தான். வேட்டை சீசன் வருது மெர்ல், என் துப்பாக்கி குறி தப்புது, உன்னுத இரவல் குடு என்றான். சரி, எடுத்துக்கோ என்றேன். படுபாவி, அலமாரியில் இருந்த அத்தனையையும் வண்டியில் ஏற்றுகிறான்! ஒரு மானைச் சுட இத்தனை எதுக்குடா, அது என்ன பட்டாளத்தோடயா வருது என்றேன். அவன் சிரிக்கவில்லை. காபிக்கடையில வச்சு இந்த வருஷம் வைக்கோல் வாங்கலேன்னு சொன்னியேப்பா, நாயையும் என்னையே வச்சுக்கச் சொன்னே, மாடு வச்சிருக்கிறவன் குளிர்காலத்துக்கு வைக்கோல் வேண்டாம்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா என்றான். அவ்வளவுதான் பேசினான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வீட்டில் இந்தப் பக்கத்து ஆட்கள் இப்படி இரவல் கேட்பதுண்டு, நானே அவன் அண்ணன் வீட்டில் கேட்டிருக்கிறேன். என் வாசலுக்கும் அது வரும் என்று நினைக்கவில்லை. கோர்ட்டு ஆள் வந்து கேட்டிருந்தால் வாசலை மறித்து நின்றிருப்பேன். லைல் கேட்டதால் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரு லைல் பக்கத்தில் இருக்கிறானா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. நான் வெளியூர் போகும்போது துணைக்கு இருக்கட்டும் என்று அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேனே, அந்தக் கைத்துப்பாக்கி. தனி ஆளாச்சே, எவனாவது வந்தால் என்ன செய்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இங்கே எவன் வருகிறான் பிரிட்டா? கோடை முழுக்க இந்தப் பாதையில் வந்தது லைலும் காற்றும்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் அம்மா படுத்த பக்கம் உட்கார்ந்து அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னைப் பார்த்தே பயமாகிவிட்டது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் லைல் கையில் கொடுத்தேன். வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வீட்டுக்காரி டோனா ஆப்பிள் பை சுட்டிருக்கா, உக்காரு என்றான். இரண்டு துண்டு சாப்பிட்டேன், வெட்கமில்லாமல் அழுதேன். நாளைக்கு டாக்டரைப் பார்க்க அவன்தான் கூட்டிப்போகிறான்.

சட்டம் விஷயத்தில் நான் முழுசாக மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அதைப் பற்றி இன்னும் சண்டை போடலாம். சண்டை போடவாவது கூப்பிடு. மழையில் வண்டியை மெதுவாக ஓட்டு, ராத்திரி வேலை முடிந்தால் சாப்பிடாமல் படுக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். துப்பாக்கிகளை எப்போது திருப்பித் தரட்டும் என்று லைல் கேட்டான். என் மகளைக் கேள், அவள் சொல்லும்போது கொடு என்று சொல்லிவிட்டேன். வைக்கோல் இன்று வந்து இறங்கிவிட்டது.

உன் அப்பா,
மெர்ல்