பரீதா எடுத்த வீடியோ

ஞாயிறு இரவு

கம்பைநல்லூரில் இன்று நிக்காஹ் வீடியோ வேலை. பெண்கள் கூடியிருந்த சின்ன அறைக்குள் நான் போக முடியாது. என் மனைவி பரீதாதான் கேமராவோடு போனாள். வாடகைக்கு எடுத்த சினிமா லென்ஸ், சின்ன அறையையும் முழுசாகக் காட்டும் வைடு லென்ஸ். ஆட்டோஃபோகஸ் கிடையாது; ஆள் நகர நகர முகம் மங்காமல் இருக்க லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கே அதில் எடுக்கப் பயம்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மணப்பெண் எழுந்து, மூலையில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவிடம் நடந்து போகிறாள். அம்மா நடுங்கும் கையை அவள் தலையில் வைக்கிறார். மொத்த அறையும் ஒரே ஃபிரேமில். பெண்ணின் முகம் ஒரு கணம்கூட மங்கவில்லை.

"எப்படி புள்ள புடிச்ச?"

"கண்ணுல தண்ணி முட்டிடுச்சுங்க. தொடச்சா கை வளையத்த உட்டுடுமேன்னு தொடைக்கவே இல்ல."

அவள் தூங்கிவிட்டாள். நான் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.