இராசமலர் ஒப்பமிட்டார்

முரசுமோட்டை
03.07.2025

அன்புத் தங்கச்சி அமராவதிக்கு,

சித்திரையில் எனக்கு அந்த அட்டையைத் தந்த நாள் எங்கள் விவசாயச் சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள்: உதவி நிறுவனத்துப் பிள்ளை றிஸ்பா, எங்கள் செயலாளர் சுரேகா, உழவு மெசின் ஓட்டும் சங்கிலி, வவுனியாவிலிருந்து வந்திருந்த நீ, உன் மகன் நிரஞ்சன். வேறு ஒருவரும் இல்லை.

"ஆச்சி, இனி தலைவியின்ரை கையெழுத்து இந்த அட்டைக்குள்ளைதான். கம்பியூட்டரிலை செருகி இலக்கத்தை அடிச்சா நீங்கள் ஒப்பம் வைச்ச மாதிரி. நாங்கள் பூட்டி அனுப்புற கடிதமும் இதாலைதான் திறக்கும். இலக்கத்தை மனதிலை வைச்சிருங்கோ" என்றாள் றிஸ்பா. எனக்கென்ன மறதியா என்று எல்லாருக்கும் கேட்க இலக்கத்தைப் பாடமாய்ச் சொல்லிக் காட்டினேன். நீயும் கைதட்டினாய்.

முந்தநாள் நான் அட்டையைச் செருகி இலக்கத்தை அடிக்க, சுரேகா நிறுவனத்தின் பூட்டுக் கடிதம் ஒன்றைத் திறந்து வாசித்தாள். சங்கத்து உழவு மெசினைப் பரந்தன் வியாபாரி ஒருவருக்கு விற்க, தலைவி இராசமலர் ஒப்பமிட்டாராம். மாதக் கடைசியில் லொறி வருமாம். இருக்கிறதே அந்த ஒரு மெசின், பெரும்போகத்துக்கு எதால் உழுவது?

"நீங்கள்தானே வைச்சீங்கள் ஆச்சி? கம்பியூட்டர் பொய் சொல்லுமே?" என்கிறாள் சுரேகா. நான் வைக்காத கையெழுத்து எப்படி என் கையெழுத்தாகும்? ஒன்றும் விளங்கவில்லை. போனில் கேட்டால் இடையில் வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு ஏதும் தெரியுமா?

உன் அக்கா,
இராசமலர்

*

வவுனியா
09.07.2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் நல்ல சுகம். கோபிக்காதேங்கோ. வயது போனால் எல்லாருக்கும் வருவதுதான். போன வருசம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய் நின்றீர்கள். ஒருநாள் நீங்களே அட்டையைச் செருகி ஒப்பம் வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். இதைப் பெரிதாக்காமல் டொக்டர் ஒருவரிடம் காட்டுங்கோ. மெசினும் பழசுதானே.

அன்புத் தங்கச்சி,
அமராவதி

*

முரசுமோட்டை
16.07.2025

அமராவதிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து தங்கின ஊர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தேன். வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன். எந்த ஊரில் யாருடைய தறப்பாளுக்குக் கீழே படுத்தோம் என்பதும் வந்தது. எல்லாம் சரியாய் வந்தும் என்னை நான் நம்பவில்லை.

இன்று றிஸ்பா வந்து பார்த்தாள்.

"ஆச்சி, ஒப்பம் விழுந்தது போன மாதம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திங்கட்கிழமை பின்னேரம்."

"அண்டைக்கு நான் அம்மாளின்ரை வாசலிலையெல்லோ நிண்டனான்!"

"அப்ப அட்டை?"

அட்டை சாவிக்கொத்தில் கட்டியிருந்தது. சங்கத்துச் சாவியும் அதில்தான். கோயிலுக்குப் போகும்போது வீடு பார்க்கிற சகோதரத்திடம் கொத்தைக் கொடுப்பதுதானே எங்கள் வழக்கம்? பொங்கலுக்கு வந்து, கால் நோகுது என்று வீட்டில் நின்றவள் நீ. எழுது.

இராசமலர்

*

வவுனியா
21.07.2025

அக்கா,

நான்தான். நிரஞ்சன் செருகினான், இலக்கத்தைச் சொன்னது நான். நீங்கள் பாடமாய்ச் சொன்னது எனக்கும் பாடமாகிவிட்டது. மெசினை எடுத்துத் தந்தால் கடையில் பங்கு தருகிறேன் என்று வியாபாரி அவனுக்குச் சொல்லியிருந்தான். மூன்று வருசமாய் வேலை இல்லாத பிள்ளை. அது உங்கள் கையெழுத்து என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை அக்கா. ஒரு இலக்கம் என்றுதான் நினைத்தேன். "இராசமலர் ஒப்பமிட்டார்" என்று திரையில் வந்த பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறகு சொல்லப் பயம். காலில் விழுகிறேன்.

அமராவதி

*

முரசுமோட்டை
27.07.2025

அமராவதிக்கு,

உன் கடிதத்தைக் கூட்டத்தில் சுரேகாவைக் கொண்டு வாசிப்பித்தேன். றிஸ்பா அந்த அட்டையைச் செல்லாததாக்கிவிட்டாள். விற்பனை நின்றது, மெசின் கொட்டிலில்தான் நிற்கிறது. இனி உன்னைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள், பயப்படாதே.

நிரஞ்சனை மன்னித்துவிட்டேன். வேலை இல்லாத பிள்ளை, ஒருவன் ஆசை காட்டினான். "ஆச்சிக்கு அறளை பேந்திட்டுது, ஒண்டும் ஞாபகமில்லை" என்று ஊரெல்லாம் சொன்ன சுரேகாவையும் மன்னித்தேன், அவள் கம்பியூட்டரை நம்பினாள். கையெழுத்தை எடுத்ததற்காக உன்னையும்கூட மன்னித்திருப்பேன்.

ஆனால் நீதான் வைத்தாய் என்று தெரிந்துகொண்டே, நான் மறந்துவிட்டேன் என்று எனக்கு எழுதினாயே. செத்துப்போனவர்களின் பெயர்களை எல்லாம் சுமந்துகொண்டு வந்தது இந்தத் தலை. அதை எனக்கே சந்தேகமாக்கினாய்.

வாற வருசப் பொங்கலுக்கு வராதே. அதற்கடுத்த வருசமும் வராதே. நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒரே ஒருத்திதான்: அமராவதி.