ஐந்து மாதக் கல்யாணம்

பெரியவளே,

எழுப்ப மனமில்லை. சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் கோர்ட்டுக்குப் போகிறேன்.

"அஞ்சே மாசம், இந்த வயசுல விவாகரத்தா? ஊரே சிரிக்கும்மா" என்று நேற்றுக் கத்தினாயே, அதை அப்படியே வக்கீலம்மாவிடம் சொன்னேன். கூடவே, நான் கட்டிக்கொண்ட உன் சித்தப்பாவின் ஆஸ்பத்திரி அட்டையையும் நீட்டினேன். செத்துப்போனதாக அவர் சொன்ன முதல் மனைவி போன மாதம் அதில் 'மனைவி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்! அதைப் புதுப்பித்து வர என்னையே அனுப்பினாரே, மகாபுத்திசாலி!

வக்கீலம்மா விசாரித்துவிட்டுச் சிரித்தாள். "அந்தம்மா உயிரோட இருக்காங்க, விவாகரத்தும் ஆகல. அப்போ உங்களுக்கு விவாகரத்தே வேணாம்மா. இது கல்யாணமே இல்லைன்னு தீர்ப்பு வாங்கிடலாம்."

பூட்டை மாற்றிவிட்டேன். புதுச் சாவி இந்தச் சீட்டுக்கு அடியில்.

பி.கு.: பெட்டியை எடுக்க அவர் வருவார். வாசலிலேயே கொடு. "என் பெண்டாட்டி எங்க?" என்று கேட்டால், "எந்தப் பெண்டாட்டி?" என்று கேள்.

அம்மா