இனி பறைதான் மணி

1978 ஆகஸ்ட் 4, இரவு

எங்கள் சபை இன்று வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு ஒன்றை எடுத்தது. ஆலயத்துக்கு மணி வாங்க வழியில்லாததால், ஏசுதாசனின் பறையே இனி மணி. நீண்ட ஜெபத்துக்குப் பின் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. எதிர்த்திருக்கக்கூடிய இருவர் ஜெபத்திலேயே தூங்கிவிட்டார்கள். ஆண்டவருக்குக் கொடுத்த பறை இனி ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் போகாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் பண்ணையின் காரியஸ்தர் வந்தார். ஆடித் திருவிழாவுக்கு ஏசுதாசன் பறையடிக்க வராவிட்டால் சேரியில் ஒருவருக்கும் நடவு வேலை கிடையாது என்றார்.

"இன்னா உபதேசியாரே, ஒங்க ஆண்டவரா வந்து கூலி குடுக்கப் போறாரு?"

நான் பொருத்தமான வசனம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஏசுதாசனின் மனைவி மரியாள் முந்திக்கொண்டாள். நாற்று நட்டு அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவள் அவள்தான்.

"குடுக்கலன்னா அவராண்டயே கேட்டுக்கினு இருப்போம். ஒங்களாண்ட கேக்க வந்தா நாய அவுத்து வுடுறீங்களே!"

காரியஸ்தர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முடிவை மாற்றப் போவதில்லை. ஆண்டவருடைய வீட்டில், அவரையே சாட்சியாக வைத்து எடுத்த முடிவு. நடத்திக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். இதை ஜெபத்தில் அவரிடம் மரியாதையாகவே தெரிவித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்தில் பறை ஒலிக்கும். தோலை அனலில் காய்ச்சி வைக்கும்படி ஏசுதாசனிடமும் சொல்லியாயிற்று.

நாளை பண்ணை நடவுக்கு எங்கள் சேரி ஆட்களுக்குப் பதிலாகத் திருப்புலிவனத்திலிருந்து லாரியில் ஆட்கள் வருகிறார்கள்.