பழைய வீட்டுக் குளியலறையை உடைத்த கதை

என் கண்மணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால்கூடச் சுகம், அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, ஒருவருக்கொருவர் முகம் கோணாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் நீ "ம், ம், அப்புறம்" என்று விரட்டுவாய், பாதியில் இங்கே யாராவது கதவைத் தட்டுவார்கள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். பழைய வீட்டை என்னதான் செய்யப் போகிறீர்கள், விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே, ஒரு வார்த்தையில் பதில் சொல்லுங்கள் என்று போன வாரம் கேட்டாய். ஒரு வார்த்தையில் அடங்குகிற சங்கதியா அது, பொறுமையாகப் படி.

அங்கே இப்போது குடியிருப்பவரை நீ பார்த்ததில்லை, நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். தெரு முழுக்க விசில் டீச்சர் என்றுதான் சொல்லும், அவர் குரலே விசில் மாதிரிதான். அதற்கு முன்னால் இருந்தவர்களை நினைத்தால் இவர் தங்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஸ்டோர் ரூமில் முயல் வளர்த்தவர், சுவருக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்த தம்பதி, காலி செய்கிற அன்று கதவுக் கைப்பிடிகளைக் கழற்றிக்கொண்டு போன மனுஷர் என்று நாங்கள் பார்க்காத குடித்தனமா. டீச்சர் அப்படியெல்லாம் இல்லை. வாடகை ஒன்றாம் தேதி காலையிலேயே வந்துவிடும், ஆனால் கூடவே ஒரு புகாரும் வரும். ஜன்னல் கொக்கி சேரவில்லை, படி ஒன்று உயரம் ஒன்று தாழ்வு, மழை வந்தால் வாசலில் தண்ணீர் நிற்கிறது என்று ஏதாவது ஒன்று. அந்த அம்மாள் போன் என்றாலே அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார், நான்தான் மாட்டிக்கொள்வேன்.

இந்த வருஷம் புகார் பெரிதாகிவிட்டது. குளியலறைச் சுவர் ஊறி, அந்தப் பக்கம் சமையலறையில் பூச்சு பாளம் பாளமாக உரிகிறது, அடியில் தரை பொதபொதவென்று ஆகிவிட்டது என்றார். கண்டபடி தண்ணீரைக் கொட்டினால் சுவர் ஊறாமல் என்ன செய்யும் என்று நானும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் விடுவாரா, நான் நாற்பது பிள்ளைகளை ஒரு குழாயில் கை கழுவ வைத்தவள், எனக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாதீர்கள் என்றார். மேஸ்திரியைக் கூட்டிப்போய்க் காட்டினோம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, குழாயைத் தரையோடு தோண்டி எடுக்க வேண்டும், சமையலறைச் சுவரையும் கொஞ்சம் இடிக்க வேண்டும், மூன்று வாரமாவது ஆகும், தண்ணீரும் இருக்காது புழுதியும் அடங்காது, ஆள் இருந்தால் வேலை நடக்காது என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே. ஆனால் டீச்சர் ஒரே பிடிவாதம், நகர மாட்டேன் என்று. வேலை தொடங்குகிற அன்று ஒரு நாற்காலியை எடுத்துக் குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடப்பாரையோடு வந்த மேஸ்திரி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார், அப்புறம் மேஸ்திரி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்து, "அம்மா, சுவரை இடிக்கச் சொன்னீங்க, இடிக்கிறேன். அந்தம்மாவை இடிக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் உன் மாமா அந்த வீட்டுக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல விலைக்கு வாங்க ஆள் தயார், ஆனால் வீடு காலியாக வேண்டும். என் தம்பியைப் பற்றி உனக்குத் தெரியாதா, கரும்பு தின்னக் கூலியா என்கிற மாதிரி உட்கார்ந்து வழியும் சொல்லிக் கொடுத்தார். "அக்கா, ரிப்பேர்னு சொல்லி எப்படியாவது வெளிய அனுப்பு. வேலை முடிஞ்சதும் வேற பூட்டு போடு. தனி ஆள், என்ன பண்ணிடப் போறாங்க. நானே பேசிக்கறேன்" என்றார். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கும் அந்த நிமிஷம், தொல்லை விட்டது என்றுதான் தோன்றியது, பொய் சொல்வானேன். நீயும் விற்கத்தானே சொல்கிறாய்.

ஆனால் அது வெறும் வீடாக இருந்தால் பரவாயில்லை. நாம் மூன்று பேரும் அதை எப்படிக் கட்டி எழுப்பினோம் என்று உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். கூரை ஒழுகுகிற வீடு என்று யாரும் சீண்டாததால்தான் நம் கைக்கே வந்தது. ஓர் அறையைச் சரிபண்ணி அதில் மூன்று பேரும் படுப்போம், அடுத்த அறையை உடைப்போம், அது முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே குடிபோவோம், ஒரே வீட்டுக்குள் எத்தனை வீடு மாறியிருப்போம். அப்பா வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொத்தனார் கரண்டியைப் பிடிப்பார், நான் மணல் சலிப்பேன், நீ சல்லடையில் நிற்கிற கூழாங்கல்லைப் பொறுக்கி உன் டப்பாவில் போட்டுக்கொள்வாய். மாவு டப்பாவுக்குள்ளும் சிமென்ட் தூள், உன் பள்ளிக்கூடப் பையிலும் சிமென்ட் தூள், தலை வாரினால் சீப்பில் சிமென்ட் தூள். குளியலறைக்கு வெகு நாள் கதவே கிடையாது, என் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தோம், உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காகக் குளிப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று அப்பா சட்டம் போட்டார். உனக்குச் சாரீரம் சுமார்தான், ஆனால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்பா பாட மாட்டார், வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே குளிப்பார், பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் நீ வெளியில் இருந்து திருத்துவாய். கதவு வாங்கி மாட்டிய அன்று நீ அழுதாய் தெரியுமா, இனிமேல் யாரும் பாட மாட்டார்களே என்று. வீடு முழுசாக முடிந்து, ஓர் ஊறல் இல்லாமல் விரிசல் இல்லாமல் பளபளவென்று நின்றபோது, அதை வாடகைக்கு விட்டால்தான் அடுத்ததை வாங்க முடியும் என்று நாம் கிளம்பிவிட்டோம். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எப்ப வீடு அழகாகுதோ அப்ப நாம போயிடறோம்" என்று நீ சொன்னாய். அதற்கு அன்றைக்கு அப்பா முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். மறுநாள் நானே டீச்சரைப் பார்க்கப் போனேன், சண்டை போடத்தான் போனேன். நாற்காலி அப்படியே குளியலறை வாசலில் கிடந்தது, அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏன் இப்படிப் பண்ணுகிறீர்கள், உங்கள் நன்மைக்குத்தானே ரிப்பேர் பண்ணுகிறோம் என்றேன். கீரையை மடியில் இருந்து இறக்கி வைத்தார். அப்புறம் அந்த விசில் குரலைத் தணித்து, "முன்ன இருந்த வீட்லயும் இதேதாம்மா சொன்னாங்க. பதினஞ்சு நாள் ரிப்பேர், அப்புறம் வந்துடுங்கன்னாங்க. நம்பிப் போனேன். திரும்பி வந்தா வேற பூட்டு தொங்குது. என் சாமானெல்லாம் மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு ஷெட்ல கெடக்கு. பிள்ளைங்க ஜெயிச்சு எனக்குக் கொடுத்த கோப்பை எல்லாம் நசுங்கிப் போச்சு. இந்த வயசுல இன்னொரு தடவை தெருவுல நிக்க எனக்குத் தெம்பு இல்லம்மா" என்றார். என் தம்பி சொன்ன அதே வார்த்தை, ரிப்பேர், வேறு பூட்டு, ஒன்றுகூட மாறவில்லை. அந்த இடத்தில் எனக்கு டீச்சர் முகம் தெரியவில்லை, உன் முகம்தான் தெரிந்தது. போன வருஷம் உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் திடுதிப்பென்று காலி பண்ணச் சொல்லி, நீங்கள் இரண்டு பேரும் பெட்டியும் படுக்கையுமாகச் சிநேகிதர் வீட்டு ஹாலில் படுத்திருந்ததை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். நீ சிரித்தாய், நான் போனை வைத்துவிட்டு அழுதேன். அந்த ஊரில் என் பெண்ணும் யாரோ ஒருவர் வீட்டில்தானே குடியிருக்கிறாள்.

அப்பாவிடம் வந்து, டீச்சரை நம் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம், வேலை முடிகிற வரைக்கும் இங்கே இருக்கட்டும் என்றேன். போன் வந்தாலே ஓடுகிற மனுஷர், ஆளே வந்தால் எங்கே போவார். "அப்ப நான் பழைய வீட்டுக்குப் போயிடறேன்" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உன் மாமா குதித்தார், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறாய் என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்மிடம் இருந்த மாற்றுச் சாவியையும் டீச்சர் கையில் கொடுத்து, மேஸ்திரி தினமும் காலையில் உங்களிடம் சாவி வாங்கிக்கொண்டு போவார், சாயங்காலம் உங்களிடமே கொடுப்பார், எங்களிடம் சாவியே இருக்காது என்று சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

உன்னிடம் கேட்காமல் உன் அறையைத்தான் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே, வேறு அறை ஏது. நீ போனதில் இருந்து தூசி தட்டுவதற்கு மட்டும் திறக்கிற அறை. ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். வந்த மறுநாளே நம் வீட்டில் என்னென்ன கோளாறு என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், கொல்லைக் குழாய் சொட்டுகிறது, உன் அலமாரிக் கதவு தொங்குகிறது, சமையலறையில் வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னால் விழுகிறது என்று. எத்தனை வருஷமாக இருட்டிலேயே நறுக்கியிருக்கிறேன் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. குடியிருக்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கு மாட்டிக் கொடுத்தோம், நம் வீட்டைப் பார்க்கவில்லை. அடுத்தபடியாக அப்பா அகப்பட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்துக் காலை நீட்டி மடக்கச் சொல்லி, நிஜமாகவே விசிலை எடுத்து ஊதினார். அப்பா சின்னப் பையன் மாதிரி என்னைப் பார்க்கிறார், காப்பாற்று என்று. நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். சில நாளிலேயே டீச்சரோடு பழைய வீடு வரைக்கும் நடந்து போய் வேலையைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார்.

தரையைத் தோண்டிக் குழாயை வெளியே எடுத்த அன்று நானும் போயிருந்தேன். குழாய் வளைகிற இடத்தில் இணைப்பு விட்டுப்போய், அதைச் சுற்றிச் சணலும் துணியும் என்னென்னவோ சுற்றியிருந்தது. மேஸ்திரி அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது எந்த மகானுபாவன் போட்ட ஜாயின்ட்டுங்க, இத்தனை வருஷம் தாங்குனதே பெருசு" என்றார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மகானுபாவன் இங்கதான் நிக்கிறான்" என்றார். மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் டீச்சரைப் பார்த்தேன், தண்ணீரைக் கொட்டியதாக அவர்மேல் பழி போட்டவள் நானல்லவா. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்து, "சார், அந்த வயசுல ராத்திரி பகலா நீங்களே போட்டதா இது" என்று மட்டும் கேட்டார். அப்பா குனிந்து அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். அது உன் சின்ன வயசுப் பாவாடைக் கிழிசல், பச்சைக் கரைகூட இன்னும் போகவில்லை. புதுக் குழாய் பதித்து டைல்ஸ் போடும்போது கடைசி வரிசையை நான் போடுகிறேன் என்று அப்பா வாங்கிக்கொண்டார். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, மேஸ்திரி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி வைத்தார். வரிசை கொஞ்சமும் கோணவில்லை. எனக்கு அங்கே நின்றபடி, நம் பழைய நாளெல்லாம் அந்தக் கரண்டிச் சத்தத்தோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது, அந்த வீட்டில் நமக்கு ஒன்றுமே முழுசாக இருந்ததில்லை, ஆனால் ஒருவருக்கொருவர் முழுசாக இருந்தோம்.

அப்போது பார்த்து உன் மாமா அந்த வாங்குகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலை நன்றாக இருக்கிறது, எப்போது காலியாகும் என்று கேட்டார். டீச்சரும் எங்களோடு வந்து சமையலறையில்தான் இருந்தார், பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தலையை நிமிர்த்தாமலே, "வீட்ல ஆள் இருக்காங்களே" என்றார். அவ்வளவுதான், அடுத்த டைல்ஸை எடுத்துவிட்டார். மாமா என்னைப் பார்த்தார், அப்பா சொன்னதுதான் என்று நானும் சொன்னேன். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா நம் வீட்டுப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, வருவார், என் தம்பிதானே.

ஆக, விற்கவில்லை. இதுதான் நீ கேட்ட ஒரு வார்த்தை. உனக்கு வருத்தமாக இருந்தால் எழுது, ஆனால் முடிவு மாறாது.

நேற்று டீச்சர் திரும்பிப் போனார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பப் போன என்னை உள்ளே கூப்பிட்டார், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று. பழக்க தோஷம், நான் நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "இது என் வீடு, நீங்க விருந்தாளி. போய் உக்காருங்க" என்றார். போய் உட்கார்ந்தேன். நாம் முதன்முதலில் பாய் விரித்துப் படுத்த அந்த அறை, இப்போது அங்கே அவருடைய நசுங்கிய கோப்பைகள் ஷெல்பில் வரிசையாக இருக்கின்றன. வெயில் அந்த ஜன்னல் வழியாக நம் காலத்தில் விழுந்த அதே இடத்தில் விழுந்தது. இந்த வீட்டை விட்டுப் போன நாளில் இருந்து, கணக்குப் பார்க்கவும் குறை கேட்கவும்தான் இங்கே வந்திருக்கிறேன், உட்கார்ந்ததே இல்லை. அவர் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார், சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் முழுசும் குடித்தேன். வீடு நன்றாக இருக்கிறது கண்ணு. நாம் போன பிறகும் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் தோள்வலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாயா, அலட்சியமாக இருக்காதே. மாப்பிள்ளையை இரவில் நேரத்தோடு வரச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். லீவு எப்போது என்று உடனே எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா