பெயர்ப்பலகைப் பூச்சி

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, அசறுத் தொழுகைக்குப் பின்.

அன்பு மகள் ஆதிலா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குளிர் நாட்டில் உன் நெஞ்சுக்கும் தலைக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் பாதுகாக்க வேண்டும்.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் எனக்கு வாய் முதலில் ஓடுகிறது, புத்தி பின்னால்தான் வருகிறது. போன கிழமை அதை நீயே கண்டுவிட்டாய். குரலைப் பதிந்து அனுப்பலாமென்றால் உம்மா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வாள். மாமியின் மகன் நிப்றாஸ் திங்கட்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். உம்மா கட்டித் தரும் பொதியில் மாசிக் கருவாட்டுத் தூளும் தொதல் இனிப்பும் இருக்கும். பொதியைப் பிரிக்க முன்னர் இதைப் படி.

உன் தங்கை ஸம்றாவுக்குப் பேறு மாதம் நெருங்கிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது, டொக்டர் பயமில்லை என்கிறார், உம்மாதான் டொக்டருக்கும் மேலே பயப்படுகிறாள். ஒலுவில் பக்கம் கடல் இன்னும் கொஞ்சம் தென்னைகளைத் தின்றுவிட்டது. கடையில் வியாபாரம் மந்தம். எல்லாரும் ஸ்பொன்ஜ் மெத்தை கேட்கிறார்கள், இலவம் பஞ்சு மெத்தை கலியாண வீட்டுக்கு மட்டும்தான் என்றாகிவிட்டது.

வியாபார மந்தத்துக்கு நீயும் ஒரு காரணம் என்று உம்மா சொல்கிறாள். நீ கண்டுபிடித்த பூச்சிக்கு என் பெயரை வைத்தாய் என்று பேப்பரில் வந்ததும், நான் என்ன கூத்தெல்லாம் ஆடினேன்! பஜார் சந்தியில் பெரிய பேனர். பள்ளிவாசலில் எல்லாருக்கும் கஞ்சி. அதுவும் போதாமல், பாண்டிருப்பிலிருந்து பெயின்டர் வினோஜைக் கூப்பிட்டுக் கடைப் பலகையில் அந்தப் பூச்சியைப் பூசணிக்காய் அளவில் வரையச் செய்து, கீழே உலகம் அறிந்த மீராமுகைதீன் என்று எழுதுவித்தேன். மெத்தைக் கடைப் பலகையில் பூச்சியைப் போட்ட முட்டாள் இந்தக் கிழக்கு மாகாணத்திலேயே நான் ஒருவன்தான். வருகிறவர்களெல்லாம் 'மூட்டைப்பூச்சியா மீராமுகைதீன் காக்கா?' என்று கேட்டுவிட்டு ஸ்பொன்ஜ் கடைக்குப் போனார்கள். நான் ஒருவரையும் விடாமல் பிடித்து நிறுத்தி, இது விதை உறிஞ்சுகிற பூச்சி, மனிதரைக் கடிக்காது, என் மகள் கண்டுபிடித்தது என்று பாடம் நடத்தினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து சோறு தின்ன உட்கார்ந்த நேரம் உன் அழைப்பு வந்தது. உன் குரல் உடைந்திருந்தது. அங்கேயுள்ள நூதனசாலையில் ஒரு பழைய பெட்டியைத் திறந்தாயாம். நூறு வருடத்துக்கும் முன்னர் வெள்ளைக்காரன் ஒருவன் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரே பஞ்சுப் பொதியில் பிடித்து ஊசி குத்தி வைத்த பூச்சிகளாம். நீண்ட சிறகுள்ளதும் அதில் இருக்கிறது, நம்முடையது போலக் குட்டைச் சிறகுள்ளதும் இருக்கிறது, நடுவில் அரைச் சிறகுள்ளதும் இருக்கிறது, உள்ளுறுப்பு வரை எல்லாம் ஒன்று என்றாய். ஆகவே நீ புது இனம் என்று எழுதியது புதிதே இல்லை. இலவ மரத்தில் இருக்கிற, நீண்ட சிறகுள்ள அந்தப் பழைய பூச்சிதான். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், வாப்பாவின் பெயர் விழுந்துவிடும் என்றாய்.

நான் என்ன சொன்னேன்? 'அந்தப் பெட்டிய இத்தன வருசமா ஆரும் திறக்கல்லதானே மகள், இனி ஆரு திறக்கப் போறா? மூடி வெச்சிட்டு வந்திடு. வாப்பாட மானத்தக் காப்பாத்து' என்றேன். நீ 'சரி வாப்பா' என்றாய்.

அதைக் கேட்டு எனக்குச் சந்தோசம் வந்தது மகள். எழுதவே கை கூசுகிறது. சோற்றை வயிறு நிறையத் தின்றேன்.

நீ எனக்கு எதிர்த்துக் கதைத்தே வளர்ந்தவள். ஆசிரியர் வேலைக்குப் போ என்றேன், 'ஏலாது வாப்பா' என்றாய். மாப்பிள்ளை பார்த்தேன், 'இப்ப ஏலாது' என்றாய். அவ்வளவு தூரம் தனியே போகாதே என்றேன், போய்விட்டாய். எனக்கு அப்போதெல்லாம் கோபம்தான் வந்தது. ஆனால் நீ 'ஏலாது' என்று சொல்லியிருக்க வேண்டிய ஒரேயொரு இடத்தில் சரி என்றாய். என் முகத்துக்காகச் சொன்னாய். எந்த வாப்பாவும் பிள்ளையிடம் கேட்கக் கூடாததை நான் கேட்டேன்.

எனக்கு ஏன் அந்தப் பெயர் மேல் அவ்வளவு ஆசை என்று யோசித்துப் பார்த்தேன். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து உன் உம்மாவின் வீட்டில் இருக்கிறேன். வீடு அவளுடையது, பிறகு உங்கள் இருவருடையது. குடியும் தாய் வழிதான், நீங்கள் உம்மாவின் குடி. உங்கள் பிள்ளைகளும் அந்தக் குடிதான். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உம்மா என்னை அரசன் போலத்தான் வைத்திருக்கிறாள், இரைச்சல் போடுகிற நேரம் தவிர. ஆனாலும் எங்கேயாவது ஓரிடத்தில் என் பெயர் கிடக்கட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு பூச்சியாவது என் குடியாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உனக்குத் தெரியாது. எனக்கே புதன்கிழமைதான் தெரிந்தது. நற்பிட்டிமுனைக் கலியாண வீடொன்றின் மெத்தைக்கு வாசலில் சாக்கை விரித்துப் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தேன். கம்பு விழ விழப் பூச்சிகள் பறந்து போய்ச் சுவரில் ஒட்டின. வாழ்நாளெல்லாம் பார்த்த காட்சிதான். அன்று கை அப்படியே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் சிறகு குட்டையானவை பறக்க முடியாமல் கொட்டைகளுக்குள்ளே ஒளிந்துகொண்டிருந்தன.

நீ கெம்பஸிலிருந்து உன் பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு முதன்முதல் கடைக்கு வந்தாய் அல்லவா? பெரிய மனிதர் வருகிறாரே, சாக்கைத் திறந்ததும் பூச்சி அவர் முகத்தில் பறந்தால் கடைக்கு என்ன மரியாதை என்று, நீங்கள் வர முன்னரே சாக்குகளை வெயிலில் போட்டு அடித்து வைத்தேன். கூட்டாத வீட்டுக்கு விருந்தாளியை அழைக்க முடியுமா? அதற்குப் பிறகும் நீ சாக்குக் கேட்ட போதெல்லாம் அடித்துத்தான் தந்தேன். உனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயமென்று தோன்றவும் இல்லை. மரத்தில் நீண்ட சிறகு மட்டும், சாக்கில் குட்டைச் சிறகு மட்டும், இரண்டும் ஒருபோதும் சேர்ந்து இருப்பதில்லை, ஆகவே இரண்டும் வேறு என்று நீ எழுதினாய். சேர்ந்துதான் இருந்தன மகள். நான்தான் ஒன்றை விரட்டிவிட்டு மற்றதை உன் கையில் தந்தேன்.

நீ கவனமில்லாமல் வேலை செய்தாய் என்று உன்னையே திட்டிக்கொண்டிருப்பாய். வேண்டாம். வெட்கப்பட வேண்டியவன் இங்கே இருக்கிறேன்.

ஆகவே அந்தப் பெட்டியைத் திரும்பத் திற. மாதக் கடைசியில் அங்கிருந்து கிளம்ப முன்னர் பேராசிரியருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு. பஞ்சு அடித்த விஷயத்தையும் அதில் எழுது. அடித்தவன் யாரென்றும் எழுதலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஊரில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பூச்சி போட்ட பலகைக்குச் சிரித்தவர்கள்தானே.

பலகையைக் கழற்றலாமென்று ஏணி வைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். வினோஜை வரச் சொல்லியிருக்கிறேன். கீழேயுள்ள எழுத்தை அழித்துவிட்டு, பக்கத்தில் நீண்ட சிறகுள்ள பூச்சியையும் வரையச் சொல்லப் போகிறேன். உம்மாவுக்கு இன்னும் தெரியாது, ஒரு பூச்சி இரண்டானால் என்னை வீட்டைவிட்டே துரத்துவாள். அந்தப் பெட்டியில் உள்ளதைத் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு. சிறகு எவ்வளவு நீளமென்று வினோஜுக்குக் காட்ட வேண்டும், இந்த முறை பிழை வரக் கூடாது.

ஐந்து நேரமும் உனக்காகக் கையேந்துகிறேன். அல்லாஹ் உன் அறிவையும் நாவையும் உண்மையின் மேலேயே நிலைக்க வைப்பானாக. உன் வாப்பாவை மன்னிப்பானாக.

இதைப் படித்ததும் ஒரு போன் கோல் எடு மகள். நேரம் காலம் பார்க்காதே. ஏசுவதென்றாலும் ஏசு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். 'சரி வாப்பா' என்று மட்டும் சொல்லாதே.

உன் வாப்பா,
மீராமுகைதீன்