எழிலுக்கு ஓ.டி.

2025 ஜூலை 7, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்றைக்கு நான் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். நடந்து இல்லை, ஓடி. ஒரு செருப்பு அங்கேயே கிடக்கிறது.

டாக்டர் என்னவோ நல்ல மனிதர்தான். எழிலைப் பந்து பிடிக்கச் சொன்னார், பட்டன் போடச் சொன்னார், சீட்டில் ஏதோ எழுதினார். வெளியே வந்ததும் நர்ஸ் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு ஓ.டி. பாக்கணும், இப்படி உக்காருங்க, சொல்றேன்" என்றார். ஓ.டி. எனக்குத் தெரியாதா? போன வருஷம் என் கர்ப்பப்பையை எடுத்ததே ஓ.டி.யில்தான். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, உள்ளே கத்தி, கத்தரி. சோற்றில் கை வைக்காத பிள்ளைக்கு எங்கே அறுப்பார்கள், கையிலா, தலையிலா? யோசித்து முடிக்கும் முன் கால் கிளம்பிவிட்டது.

ஜூலை 8

செருப்பு வாங்க வேண்டும். இருக்கிற ஒன்றை யாருக்குக் கொடுப்பது?

ஜூலை 9, புதன்

வீட்டுக்காரர் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடப் போனார். சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். கையில் என் செருப்பு.

சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற அவருக்கு ஓ.டி. என்றால் கூடுதல் நேரம் வேலை. எனக்கு ஓ.டி. என்றால் ஆபரேஷன். அவர்கள் சொன்னது இரண்டும் இல்லையாம். அது ஒரு தெரபியாம். கத்தி இல்லை, ஊசி இல்லை, பிள்ளைக்குக் கை கால் பழக்கிக் கொடுப்பார்களாம். முழுப் பேர் என்ன என்றேன். "வாயில நுழையல. கடைசில தெரபின்னு முடியுது" என்றார். இதைச் சொல்லத்தான் மனுஷன் ஆஸ்பத்திரி வரை போய் வந்திருக்கிறார்.

அங்கே அதைப் பார்க்கிற அம்மா பிரசவ லீவில் இருக்கிறாராம். அதுவரை திருச்சி போகச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை. அவ்வளவு தூரத்துக்கு எழிலை எப்படிக் கொண்டுபோவது? ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சீட்டுக்கு அடியில் போய்விடுவாள். கடையை யார் பார்ப்பது? இட்லி தானாக வெந்து தானாகக் காசு வாங்கிப் போடுமா?

ஜூலை 13, ஞாயிறு

கடைக்கு லீவு. உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். எழுதினாலாவது ஓரிடத்தில் உட்காருவேன் என்று எழுதுகிறேன்.

எழிலரசிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்தவள். நன்றாகப் பேசுவாள், கதை கேட்பாள், பஸ் நம்பர் எல்லாம் சொல்லுவாள். ஆனால் ஈரமாக எதையும் தொட மாட்டாள். சோறு, மாவு, சேறு, ஈரத்துணி எல்லாமே நெருப்பு மாதிரிதான். கையில் ஒரு பருக்கை ஒட்டினால் ஊரைக் கூட்டிவிடுவாள். பென்சில் நிற்காது, பட்டன் ஏறாது. நான்தான் இன்னும் ஊட்டுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எச்.எம். டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். கெட்டவர் இல்லை. அறுபது பிள்ளைகளுக்கு ஒரே ஆயா, மத்தியானம் ஒவ்வொருவருக்கும் ஊட்ட முடியாது என்றார். "தீவாளி வரைக்கும் பாப்போம்மா. தானா சாப்பிட்டா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ஒரு வருசம் வீட்ல வச்சிக்குங்க" என்றார்.

வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன என்கிறார் வீட்டுக்காரர். ஒரு வருஷம் வைத்தால் அடுத்த வருஷமும் அதே கைதானே? நான் அஞ்சாவதோடு நின்றவள். அப்போதும் ஒரு வருஷம் வீட்ல இருன்னுதான் சொன்னாங்க. அந்த ஒரு வருசம் இன்னும் முடியல.

ஜூலை 21, திங்கள்

பெரம்பலூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் "தெரபி சென்டர், அனுமதி இலவசம்" என்று பெரிய போர்டு. இரண்டு தடவை கடந்து போனேன், மூன்றாவது தடவை ஏறிவிட்டேன். உள்ளே வரிசையாகக் கட்டில். கட்டிலுக்கு ஒரு பெருசு, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. முதுகுக்கு அடியில் சூடான கல் உருளுகிறது. மைக்கில் ஒருத்தர், இந்தக் கட்டிலில் படுத்தால் சர்க்கரை போகும், வாயு போகும் என்கிறார். பிள்ளைக்குக் கை பழக்க வந்தேன் என்றேன். முதலில் நீங்கள் படுங்கள் என்றார்கள்.

படுத்தேன்.

எழில் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து உருளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் இடுப்பு வலி குறைந்திருக்கிறது. பிள்ளையின் கை அப்படியேதான்.

ஜூலை 22

இடுப்பு மறுபடியும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

நாளைக்கு ஆடிப் பதினெட்டு. கடையில் கூட்டம். என் மனம் கடையில் இல்லை, சட்னிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற செல்லமுத்து ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னக்கா, கடலு கடைக்கே வந்துருச்சா?" என்றான். எழிலுக்கு ஓ.டி. பார்க்கணும்டா, அந்த நினைப்புதான் என்றேன். "அஞ்சு வயசுலயே ஓ.டி.யா? எந்தக் கம்பெனில?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வெங்காயம் ஏற்றி வருகிற காதர் பாட்சா பாய். கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, எங்க தம்பி மருமவ ஓ.டி.தான். சின்னப் புள்ளைகளுக்குப் பாக்குது."

"பாய், சிமெண்ட் கம்பெனி ஓ.டி. இல்லியே?"

"அல்லாவே. படிச்ச புள்ளம்மா அது. ஆஃப்ரான்னு பேரு."

லாரி கிளம்பிய பிறகும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருச்சி போகச் சொன்னார்கள், நான் பெரம்பலூரில் போய்த் தேடினேன். ஆள் என் கடைக்கு வெங்காயம் கொடுக்கிற வீட்டில் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டு பஸ். எழில் ஒன்றில் அழுதாள், ஒன்றில் தூங்கினாள்.

ஆஃப்ராவின் புருஷன் துபாயில். வீட்டு முன்ரூமைப் பிள்ளைகளுக்கு என்று விட்டிருக்கிறார்கள். தரையில் விரித்த பாய், பந்து, உத்தரத்தில் கட்டிய சேலை ஊஞ்சல். ஊசி மருந்து வாசனை எதுவும் இல்லை. ஆஃப்ரா எழிலைப் பேரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு அரிசிப் பையைக் கொடுத்து அந்த மூலைக்குத் தூக்கிப் போகச் சொன்னது. திரும்பி எடுத்து வரச் சொன்னது. சுவரைத் தள்ளச் சொன்னது. ஊஞ்சலில் குப்புறப் போட்டு ஆட்டியது. கடைசியில் கேழ்வரகுத் தட்டில் பொம்மையை ஒளித்து வைத்துத் தேடச் சொன்னது. எழில் காய்ந்த தானியத்துக்குள் கையை விட்டுவிட்டாள். அழவில்லை.

மூட்டை தூக்குவதும் சுவர் தள்ளுவதும் எங்கள் வீட்டிலேயே ஒருத்தர் சம்பளத்துக்குச் செய்கிறார் என்றேன். ஆஃப்ரா சிரித்தது. ஓ.டி.யில் 'ஓ' என்றால் தொழில் என்று அர்த்தமாம். பிள்ளைக்கு என்னம்மா தொழில் என்றேன். "சாப்புடுறது, விளையாடுறது, சட்டை போடுறதுதாங்கக்கா அதோட தொழில்" என்றது.

அப்படியென்றால் என் வீட்டுக்காரர் இன்னும் தொழில் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இன்றைக்கு எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆஃப்ரா தட்டில் கொஞ்சம் ஈர மாவு வைத்தது. எழில் ஒரு விரலை நீட்டினாள். நான் சும்மா இருக்க மாட்டாமல், "தொடு தொடு, மாவு என்ன உன் மாமியாளா, கடிக்கவா போவுது" என்றேன். எழில் சிரித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது ஆஃப்ரா வாசல் வரை வந்தது. "அக்கா, கோச்சிக்காதீங்க. அவ கைய நீட்டுறப்பல்லாம் நீங்க ஏதாச்சும் பேசுறீங்க. அவளுக்கு உங்க பேச்சும் ஒரு சத்தந்தான். அதக் கேக்குறதா, மாவத் தொடுறதான்னு தெரியாம கைய இழுத்துக்குறா. கொஞ்ச நேரம் பேசாம இருந்து பாருங்க."

பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோஷம்.

என் பேச்சுக்குத்தான் கடைக்கு ஆளே வருது. என் புள்ள சிரிக்கிறதே என் பேச்சுக்குத்தான். அதுவும் ஹாரன் சத்தமும் ஒண்ணா? அஞ்சு வருசமா நான் சிரிக்க வச்சேனா, கைய மடக்க வச்சேனா?

வீட்டுக்காரரிடம் நான் ரொம்பப் பேசுகிறேனா என்று கேட்டேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 26

பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. சோற்றைத் தட்டில் வைப்பதற்குள் இரண்டு கேலி வெளியே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 28, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். எழில் முன்னால் தட்டை வைக்கும்போது வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். துப்பவும் கூடாது, விழுங்கவும் கூடாது.

கடையிலும் பழகினேன். "என்னக்கா, வாயில கொழுக்கட்டையா?" என்றான் செல்லமுத்து. பதில் தொண்டை வரை வந்தது. முழுங்கிவிட்டேன், தண்ணீரோடு.

செப்டம்பர் 13, சனி

கேழ்வரகு, உளுந்து, கோதுமை மாவு எல்லாம் தொடுகிறாள். தேங்காயைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், தண்ணீர்க் குடத்தைத் தள்ளுகிறாள். ஒரு பட்டன் போட்டாள், தப்பான ஓட்டையில். ஈரம் மட்டும் கிட்டே வரவில்லை. தீபாவளிக்கு ஐந்து வாரம்தான். அதற்குள் ஆகுமா என்று ஆஃப்ராவிடம் கேட்டேன். "தெரியலக்கா" என்றது. பொய்யாவது சொல்லக் கூடாதா?

செப்டம்பர் 30

தயிர்ச் சோற்றில் விரல் நுனியை வைத்தாள். உடனே கத்தி, தட்டைத் தள்ளி, பாவாடையில் தேய்த்து, அரை மணி அழுகை. ஆனால் வைத்தது அவளாக.

அக்டோபர் 8

நுனி. அழவில்லை, துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன், வாயில் தண்ணீரோடு.

அக்டோபர் 17, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் தீபாவளி விருந்து. சாம்பார் சாதம், அப்பளம், ஒரு லட்டு. பெற்றவர்களும் வரலாம் என்றார்கள். பிள்ளைகளை வரிசையாக இலை போட்டு உட்கார வைத்தார்கள். நான் எழிலுக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன். வாயில் தண்ணீர்.

எச்.எம். டீச்சர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து எழில் முன்னால் நின்றார். எழில் இலையைப் பார்த்தாள். விரலை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். சொல்ல எனக்கு நாலு வார்த்தை இருந்தது. சொல்லவில்லை.

அப்புறம் கை முழுவதும் சோற்றுக்குள் போயிற்று. பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

டீச்சர் குனிந்து இலையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "லீவு முடிஞ்சு வழக்கம்போல அனுப்புங்கம்மா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நகரப் போகும்போது எழில் எட்டி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டாள். சந்தனக் கலர், பட்டு, இன்றைக்குத்தான் முதல் தடவை கட்டியிருக்கிறார். உள்ளங்கையும் ஐந்து விரலும் சாம்பாரில் தெளிவாகப் பதிந்திருந்தன.

தண்ணீரை விழுங்கிவிட்டு, சோப்புப் போட்டால் போய்விடும் டீச்சர் என்றேன்.

குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டோம். போகவில்லை.